உரிமையாளர் என்ற கட்டம்

டுலூத்தில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
மேல்தளத்துக் குழாய் உறைந்து வெடித்த இரவில்
என் கூரை முதலில் வியர்த்தது.
பிறகு தொப்பை போட்டது.
விடியற்காலை மூன்றேகாலுக்கு
மொத்தமாக இறங்கி என் கட்டிலில் படுத்துக்கொண்டது.
நான் அப்போது நடுக்கூடத்தில்
சூப் பாத்திரத்தை ஏந்தி நின்றிருந்தேன்,
பாத்திரம் போதும் என்று நம்பி.

காலையில் வீட்டுக்காரர் வந்தார்.
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.
"சுவர் என் பொறுப்பு, மார்லிஸ்.
சுவர்களுக்கு நடுவில் இருப்பது உன் பொறுப்பு."
அந்த வீட்டில் ஈரமில்லாமல் மிஞ்சியது
அந்தப் பேச்சு ஒன்றுதான்.

மாதம் பதினான்கு டாலர்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் சம்பளத்தில்
தண்டம் தண்டம் என்று முனகியபடியே
ஆறு வருடம் கட்டிய பாலிசி.
இப்போது மோட்டல் மேசையில் அதன் படிவம்:
பொருள். வாங்கிய ஆண்டு. விலை. ரசீது. உரிமையாளர்.

ஒமாஹாவிலிருந்து லவோன் தொலைபேசியில் கேட்கிறாள்,
தொண்டையில் ஜலதோஷம்.
"உள்ளாடைகள் எத்தனை?"
எண்ணியதில்லை.
"யாரும் எண்ணுவதில்லை. பன்னிரண்டு என்று போடுகிறேன்."
வடிகட்டி, துடைப்பம், பாதி ஷாம்பு,
யாரோ கொடுத்து நான் பிரிக்காத ஃபாண்டு செட்
(அதற்குத்தான் முழு விலை கிடைத்தது,
பயன்படுத்தவே இல்லையே).
மெத்தைக்குப் பதினோரு டாலர்.
ஒன்பது வருடத் தேய்மானமாம்.
அதே ஒன்பது வருடம் அதன் மேல் படுத்தவளைப் பற்றி
படிவத்தில் கேள்வி இல்லை.

நாற்பத்தேழாவது வரிசை.
அக்கார்டியன். நூற்றிருபது பேஸ் பொத்தான்கள்.
இரண்டாயிரத்து முந்நூறு டாலர்.
"நீங்கள் வாசிப்பீர்களா?" என்றாள் லவோன்,
ஆச்சரியமாகத்தான், சந்தேகமாக அல்ல.

அடுத்த கட்டிலில் டெல்மர் புரொஹாஸ்கா
உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.
இரண்டு வாரம் சோபாவில் படுக்கிறேன் என்று வந்தவர்.
வந்து நாலு வருடம்.
வாடகை ஒப்பந்தத்தில் பெயரில்லை.
பாலிசியில் இல்லை.
தபால்பெட்டியில் மட்டும்
ஒரு துண்டு பிளாஸ்திரியில் பென்சிலால் இருந்தது,
அதுவும் இப்போது நனைந்து போயிற்று.

என்னைப் பார்த்துத் தலையசைத்தார்:
உன்னுடையது என்று சொல்லிவிடு.
விரல்களைக் காற்றில் அசைத்துக் காட்டினார்,
இப்படி இப்படி வாசிப்பேன் என்று சொல்.

ஒரு பொய். ஐந்து நொடி வேலை.
பன்னிரண்டு உள்ளாடையே பொய்தான்.
ஆனால் சனிக்கிழமை இரவுகளில்
போல்கா தாளத்துக்குக் குதிகால் தட்டிய தரை,
கீழ்வீட்டார் விளக்குமாற்றால் இடித்த கூரை,
அதெல்லாம் என் கைக்கு எப்படி வரும்?
"திறந்து மூடத் தெரியும்," என்றேன்.
"வாசிப்பது டெல்மர்."

மறுமுனையில் விசைப்பலகை நின்றது.
"உறவு?"
எங்களையே நாங்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வியை
ஒமாஹாக்காரி கேட்டுவிட்டாள்.
மோட்டல் ஹீட்டர் கடகடவென்று பதில் தேடியது.

நாற்பத்தேழாவது வரிசையை அடித்துவிட்டாள்.
மன்னிப்பும் கேட்டாள், மூக்கைச் சிந்தியபடி.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"அடுத்த வீட்டுக்கு அவரைச் சேர்க்கலாம்.
மாதம் மூன்று டாலர் நாற்பது காசு கூடும்."

அன்றிரவு டெல்மர் பெட்டியைத் திறந்தார்.
துருத்தியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் வழிந்தது.
இழுத்தார். அடிபட்ட வாத்தின் சத்தம்.
பக்கத்து அறையில் சுவரைத் தட்டினார்கள்.
பழகிய சத்தம்; இருவரும் சிரித்துவிட்டோம்.

புதிய படிவம் வெள்ளிக்கிழமை வந்தது.
கணவர். உறவினர். மற்றவை.
மூன்றாவதில் குறியிட்டேன்.
விடவில்லை: 'விவரிக்கவும்' என்று ஒரு கோடு,
சுண்டுவிரல் நீளம்.

பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
டெல்மர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"அக்கார்டியன்காரன்னு போடு," என்றார்,
"இப்போ அக்கார்டியன் இல்லாட்டியும்."